அரைப்புள்ளி

ஒரு சன்னல் சுருங்கி இன்னொன்று விரியும் இடுக்கில்
வலது ஓரமாக ஒரு கோடு
இருந்து, இல்லாமல், திரும்ப இருந்து
போய்விடுகிறது.
பதினாறு மில்லிசெகண்டு.
ஒருமுறை கண் கொட்டுவதற்குள்
பத்துத் தடவை வந்து போகலாம்.

கூட்டத்தில் எட்டுப் பேர். ஏழு பேருக்குத் தெரியவில்லை.
தெரியாததை ஏன் திருத்த வேண்டும் என்றார்
பூனாவிலிருந்து ஒருவர்.
நான் மைக்கை அணைத்திருந்தேன்.
பள்ளத்தூரில் அப்போது
மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் வோல்டேஜ் மேல் சந்தேகப்பட்டேன்.
மாலை ஆறுக்கு இங்கே பல்பே பெருமூச்சு விடும்.
பிறகு கேபிள் மேல்.
பிறகு என் மேல்:
காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்
கண் டாக்டரிடம் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.
ஆறுக்கு ஆறு, போய் வாங்க என்றார்.
நாற்பத்தொரு வயதில்
யாரும் எனக்குக் கொடுத்த முழு மதிப்பெண்
அது ஒன்றுதான்.

அப்புறம் கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து
நொடிக்கு இருநூற்று நாற்பது பிரேம் எடுத்தேன்.
ஆல்ட், டேப். ஆல்ட், டேப்.
ராத்திரி ஒன்றரைக்குச் சிக்கியது.
ஒற்றைப்படை அகலச் சன்னல்
நடுவை நோக்கிச் சுருங்கும்போது
அதன் ஓரம் அறுநூற்று எண்பத்து மூன்றரையில்
போய் நிற்கிறது.
திரைக்கு அரை தெரியாது.
ஒரு புள்ளி எரியும், அல்லது எரியாது.
சன்னல் அந்த அரையைக் கீழே தள்ள
நிழல் அதையே மேலே தூக்க
இரண்டுக்கும் நடுவே
பின்னாலிருக்கும் வெறும் நீலம் எட்டிப் பார்க்கிறது.

சனிக்கிழமை காலை
நகரக் கோயில் கணக்கர் சாத்தையா வந்தான்.
இருபத்தாறு வயது, காதில் புளூடூத்.
"ஆச்சி, புள்ளி வரி."
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
ஒருவர் போனால் அரை.
கதிரேசன் போய் நான்கு வருஷம்.
என் பெயருக்கு நேரே அரை என்று எழுதுகையில்
பேனா தயங்கவே இல்லை, அதுவே நிம்மதி.
கொழுந்தனார் மெய்யப்பனுக்குக் கல்யாணமில்லை,
ஆகவே கணக்கிலேயே இல்லை.
போன வருஷம் தேர்வடத்தில்
உள்ளங்கை கிழிந்தவர் அவர்.

"இத்தனை அரையை வைத்துக்கொண்டு
மொத்தம் எப்படி வருகிறது?" என்றேன்.
"இருக்கிறபடியே கூட்டிக்கிட்டு வருவேன் ஆச்சி.
ஆளாளுக்கு முழுசாக்கினா உதைக்கும்.
கடைசி வரியிலதான் பார்த்துக்கிறது.
பெரும்பாலும் இன்னொரு அரை எங்கேயாவது இருக்கும்."
சொல்லிவிட்டு போனில் யாருடனோ
ஐ.பி.எல். டிக்கெட் பற்றிப் பேசத் தொடங்கினான்.

ரசீது கையிலேயே இருக்க, உட்கார்ந்தேன்.
சன்னலும் நிழலும் தத்தம் அரையைத்
தனித்தனியே தீர்த்துக்கொள்ளும் இரண்டு வரிகளை அழித்தேன்.
அரை அரையாகவே போகட்டும்,
வரையும் கணத்தில் ஒரே தடவை பார்த்துக்கொள்ளலாம்.
ஒரு வரி.
அதன் முடிவில்
மொழி கேட்கிறபடி ஓர் அரைப்புள்ளி.

கோடு போய்விட்டது.
ஜாடி, கைபேசி, இருநூற்று நாற்பது பிரேம்,
எதிலும் இல்லை.
ஏழு பேருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.
எட்டாவது ஆள்
சோறு ஆறுவது தெரியாமல்
ஆல்ட், டேப், ஆல்ட், டேப் என்று
சும்மா அழுத்திக்கொண்டிருந்தாள்.

நேற்று வேறொன்று கண்ணில் பட்டது.
மூடி வைத்த சன்னலைத் திரும்ப அழைத்தால்
அது வருவதற்கு ஒரு பிரேம் முன்னதாக
அதன் நிழல் மட்டும் வந்து
இடம் பிடித்துக்கொள்கிறது,
ஆள் பின்னால் வருகிறார் என்பதுபோல.

பிழைப் பட்டியலில் இதை
இன்னும் நான் ஏற்றவில்லை.